நாயின் தாடை தொங்கிவிட்டால், பூட்டிக்கொண்டால்: கை வைப்பதற்கு முன்னும் பின்னும்

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மல்லிகை நாற்று போடுகிறோம். மணல் பாத்தி, மேலே கீற்றுப் பந்தல், சுற்றிலும் பனைமட்டை வேலி. வேலிக்குள் ஆடும் கோழியும் நுழையாமல் பார்த்துக்கொள்வது சீலாவின் வேலை. நாட்டு நாய்தான், 16 கிலோ இருக்கும். குட்டியிலேயே முகம் சீலா மீன் மாதிரி நீண்டு கூராக இருந்ததால் என் வீட்டுக்காரர் வைத்த பெயர்.

2023 மே மாதம், தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால் வீட்டு ஆண்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். விடிகாலை ஐந்தரைக்கு நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனேன். சீலா பந்தல் காலுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தது. வெக்கைக்கு இளைக்கிறது என்று நினைத்தேன். ஆனால் வெயிலே இன்னும் ஏறவில்லை. நாக்கு வெளியே கிடந்தது, எச்சில் நூல் நூலாக மணலில் விழுந்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. தண்ணீர்ச் சட்டியில் முகத்தை விட்டு நக்கியது, நக்கியது, தண்ணீர் மட்டம் இறங்கவே இல்லை. கீழ்த்தாடை கீல் கழன்ற பெட்டி மூடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

என் கொழுந்தன் வந்து பார்த்தார். "மதினி, தொண்டையில முள்ளு நிக்கிது, தலையப் புடிங்க" என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டுவிட்டார். முந்தின நாள் வலை பொத்தும்போது அவர் விரலில் கீறல் பட்டிருந்தது. முள் எதுவும் கிடைக்கவில்லை. எச்சில் முழங்கை வரை வழிந்தது.

அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாய்க்குத் தாடையில் கோளாறு வந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று பிறகு நிறையக் கற்றுக்கொண்டோம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது செய்யக்கூடாத இந்த ஒன்று.

கை வைக்காதீர்கள்

வெறிநோய் என்றால் நம் மனதில் ஓடி ஓடிக் கடிக்கிற நாய்தான் வரும். அது ஒரு வகை. இன்னொரு வகை ஊமை வெறி. அதில் நாய் கடிக்க வராது. மூலையில் ஒதுங்கும், தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, குரல் கம்மி மாறிப்போகும். பார்க்கிறவர்களுக்கு அச்சு அசலாகத் தொண்டையில் எலும்பு சிக்கிய நாய் மாதிரியே இருக்கும். பாசமுள்ளவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள், ஏனென்றால் அவர்கள்தான் எலும்பை எடுத்துவிடலாம் என்று கையை விடுகிறார்கள். பல் படவே வேண்டாம். கையில் புதுக் கீறல் இருந்து அதில் எச்சில் பட்டாலே போதும், கண்ணிலோ வாயிலோ தெறித்தாலும் போதும். வெறிநோய் அறிகுறி மனிதனுக்கு வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்றே சொல்ல வேண்டும். அறிகுறி வருவதற்கு முன் தடுப்பூசி போட்டால் காப்பாற்றிவிடலாம்.

தடுப்பூசி போட்ட நாயாயிற்றே என்று கேட்கலாம். சீலாவின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். கடைசி ஊசி போட்டு 14 மாதம் ஆகியிருந்தது. வருஷா வருஷம் போட வேண்டியது, இரண்டு மாதம் தவறவிட்டிருந்தேன். ஊசி போட்ட நாய்க்கு வெறிநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் தாடை தொங்கும் நாயைப் பார்த்துவிட்டு "இது வெறிநோய் இல்லை" என்று மருத்துவர் சொல்லும் வரை, வெறிநோய் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

எச்சில் பட்டுவிட்டால் உடனே குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். கொழுந்தன் மூன்றாவது நிமிடமே போதும் என்றார். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். அப்புறம் நேராக ஆரம்ப சுகாதார நிலையம். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள். தசையில் போடும் முறை என்றால் 14ஆம் நாளும் சேரும். காயத்தில் எச்சில் பட்டிருந்தால் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். கொழுந்தனுக்கு அதையும் போட்டார்கள். நாய்க்கு என்ன என்று தெரிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஊசி முதலில், நாயின் கதை பிறகு.

நாயைத் தனியாகக் கட்டுங்கள். நிழல் வேண்டும், காற்று வேண்டும், பிள்ளைகளும் மற்ற நாய்களும் போகாத இடமாக இருக்க வேண்டும். சீலாவை நாற்றுக் கொட்டகையின் கடைசிக் காலில் நீளமான கயிற்றில் கட்டி, முன்னால் வலையை இழுத்துத் தொங்கவிட்டோம். பத்து நாள். வெறிநோய் முற்றி அறிகுறி காட்டும் நாய் பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறந்துவிடும் என்பதால்தான் அந்தக் கணக்கு. பத்து நாளும் நாற்றுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: நேரம், குடித்த தண்ணீர், தின்றது, மூத்திரம், நடை, குரல், என்னைக் கண்டால் வால் ஆடுகிறதா. மருத்துவருக்கு அந்த நோட்டு பெரிய உதவியாக இருந்தது.

அப்படி ஒரு நாய் இந்த நாட்களுக்குள் இறந்துபோனால் வெறுங்கையால் தூக்காதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அதன் எச்சில் பட்ட எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டார்களா என்று வீடு வீடாகக் கேளுங்கள். துக்கத்தில் இது மறந்துவிடும்.

மூட முடியவில்லையா, திறக்க முடியவில்லையா

தூரத்தில் இருந்தே பார்த்து முடிவு செய்யக்கூடிய முதல் கேள்வி இதுதான். வாயை மூட முடியாத நாயும் திறக்க முடியாத நாயும் வேறு வேறு நோயாளிகள். "வாய் சரியில்லை" என்று மொட்டையாகப் போனில் சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது.

ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து, செல்போனில் அரை நிமிட வீடியோ எடுங்கள். நேர் முன்னால் இருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தண்ணீர் குடிக்க முயலும்போது ஒன்று. வீடியோவில் இதையெல்லாம் கவனியுங்கள். தாடை நேராகத் தொங்குகிறதா, ஒரு பக்கம் கோணியிருக்கிறதா? கோணியிருந்தால், அதுவும் ராத்திரி ரோட்டுக்குப் போய் வந்த நாய் என்றால், எலும்பு முறிவோ மூட்டு விலகலோ இருக்கலாம். ராமேசுவரம் சாலையில் சுற்றுலா வண்டிகள் போகிற வேகத்தில் எங்கள் பக்கத்து நாய்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொள்கிறதா? அப்படியானால் வாயில் ஏதோ குத்தியோ சிக்கியோ இருக்க வாய்ப்பு அதிகம். எச்சிலில் இரத்தமோ அழுகின வாடையோ இருக்கிறதா? கண்ணுக்குக் கீழே வீக்கமா? அது மேல்தாடைக் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியதாக இருக்கலாம். ஒரு கண் மட்டும் பிதுங்கி, வாயைத் திறக்கும்போது அலறினால், கண்ணுக்குப் பின்னால் சீழ் இருக்கலாம்.

நெற்றிப் பொட்டையும் பாருங்கள். காதுக்கும் கண்ணுக்கும் நடுவே நாய்க்கு மெத்தென்று தசை இருக்கும். அது உப்பியிருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? பழைய போட்டோ ஒன்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் சட்டென்று தெரியும்.

சில அடையாளங்களுக்குக் காத்திருக்க நேரமே கிடையாது. காது இரண்டும் விறைத்து நிமிர்ந்து, நெற்றி சுருங்கி, உதடு பின்னால் இழுத்துச் சிரிக்கிற மாதிரி இருந்து, கால்கள் மரக்கட்டை மாதிரி விறைத்தால் அது டெட்டனஸ் என்ற வாய்ப்பூட்டு நோய். துருப்பிடித்த தூண்டிலோ ஆணியோ குத்திப் பெரும்பாலும் 5 முதல் 10 நாளில் வரும், காயம் அதற்குள் ஆறியே போயிருக்கலாம். அப்படிப்பட்ட நாயை இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்து உடனே மருத்துவரை அழையுங்கள், சத்தமும் வெளிச்சமும் விறைப்பைக் கூட்டும். தாடை தளர்ந்து, இமை சரிந்து, கழுத்து நிற்காமல், பின்னங்கால் தடுமாறினால் பாம்பு. கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில்தான் கடிக்கும், கடிவாய் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. பூச்சிமருந்து அடித்த தோட்டம் என்றால் எச்சிலோடு கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உடம்பு நடுங்கி, கழிச்சலும் போகும். எங்களுக்கே அந்தச் சந்தேகம் வந்தது, நாற்றுக்கு மருந்து அடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இந்த மூன்றில் எதுவானாலும் மணிக்கணக்குதான், நாள் கணக்கு இல்லை. மருந்து டப்பா இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கரையில் கிடப்பவை

எங்கள் பக்கத்து நாய் வாயில் நிஜமாகவே முள் சிக்குவதும் உண்டு. பாம்பன், மண்டபம், ஏர்வாடி, மூக்கையூர் எங்கே போனாலும் படகு வந்து வலை உதறுகிற இடத்தில் நாய்கள் நிற்கும். கெளிறு மீனின் முதுகு முள்ளும் பக்க முள்ளும் ரம்பம் மாதிரி, குத்தினால் பின்னுக்கு வராது. திருக்கையின் வால் முள் இன்னும் மோசம், அதில் விஷமும் உண்டு. ஆட்டு எலும்புத் துண்டு மேல்பல் வரிசைக்குக் குறுக்கே, அண்ணத்தில் பாலம் போட்ட மாதிரி மாட்டிக்கொள்ளும். இதெல்லாம் மருத்துவர் மயக்க ஊசி போட்டு இடுக்கியால் எடுக்க வேண்டியவை. சோற்று உருண்டை, வாழைப்பழம், நல்லெண்ணெய் என்று மனிதருக்குச் செய்கிற வைத்தியத்தை நாய்க்குச் செய்யாதீர்கள். விழுங்கத் தெரியாத நிலையில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

தூண்டில் விழுங்கிய நாயின் வாயில் இருந்து தங்கூசி நரம்பு தொங்கிக்கொண்டிருக்கும். இழுக்காதீர்கள், இழுத்தால் முள் இன்னும் ஆழமாக ஏறும். ஒட்ட வெட்டவும் வேண்டாம், வெட்டினால் மருத்துவருக்குப் பிடிக்கக் கண்ணி இருக்காது. வெளியே தொங்குவதைக் கழுத்துப் பட்டையில் தளர்வாகச் சுற்றிவிட்டு அப்படியே கொண்டு போங்கள்.

பேத்தை மீனைப் பற்றி ஒரு வார்த்தை. வலையில் வந்ததை வேண்டாம் என்று கரையில் எறிந்துவிடுகிறார்கள். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் விஷம் இருக்கிறது. தின்ற நாய் வாந்தி எடுக்கும், எச்சில் ஒழுகும், பிறகு தளர்ந்து விழும். எறிகிறவர்கள் ஒரு குழி தோண்டிப் புதைத்தால் எத்தனையோ நாய் பிழைக்கும். கரையில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் நான் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மருத்துவரிடம் போவது

போவதற்கு முன் போன் செய்து "தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது" என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் மற்ற ஆடு மாடு, ஆட்களோடு வரிசையில் உட்கார வைக்காமல் தனியாகப் பார்ப்பார்கள், அல்லது அவர்களே வருவார்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் பற்றிக் கேட்கலாம். கூட்டம் ஏறும் ஷேர் ஆட்டோவில் அப்படிப்பட்ட நாயை ஏற்றக் கூடாது. வண்டியில் கொண்டு போனால் பின்னால் தார்ப்பாய் விரித்து, இறக்கிய பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த மருத்துவர் வீடியோவைப் பார்த்தார், தடித்த கையுறை போட்டுக்கொண்டு சற்றுத் தூரத்திலேயே சீலாவின் கண்ணையும் நடையையும் பார்த்தார். பிறகு ஒரு சின்ன மீன் உருண்டையை நீளக் கரண்டியில் வைத்து நாக்கின் பின்பக்கம் வைக்கச் சொன்னார். சீலா அதை விழுங்கியது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "கவ்வ முடியல, ஆனா விழுங்குது. நல்ல அடையாளம்தான். ஆனா பத்து நாள் முடியட்டும், அதுக்கு முன்னாடி நான் எதையும் உறுதியா சொல்ல மாட்டேன்" என்றார். வெறிநோயில் விழுங்குவதும் சேர்ந்தே கெட்டுப்போகும் என்று விளக்கினார்.

பத்தாம் நாளும் சீலா தெளிவாக, பசியோடு, வால் ஆட்டிக்கொண்டு இருந்தது. பிறகு எக்ஸ்ரே எடுக்க ராமநாதபுரம் போனோம். மூட்டு சரியாக இருந்தது, எலும்பு முறியவில்லை, பல் நன்றாக இருந்தது, இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. சீலாவுக்கு வந்தது நரம்புக் கோளாறு என்றார் மருத்துவர். மூளையில் இருந்து வரும் ஐந்தாவது நரம்பின் ஒரு கிளைதான் மெல்லும் தசைகளை இயக்குகிறது. அது இரண்டு பக்கமும் அழற்சியில் செயலிழந்தால் தாடை தொங்கிவிடும். நாக்கும் விழுங்குவதும் வேறு நரம்புகளின் வேலை என்பதால் அவை தப்பிக்கின்றன. ஏன் வந்தது டாக்டர் என்று கேட்டேன். "தெரியாதும்மா. பெரும்பாலான நாய்ல காரணம் தெரியாமலே வரும், ரெண்டு மூணு வாரத்துல தானாவே போயிடும். ஸ்டீராய்டு குடுத்தாலும் சீக்கிரம் சரியாகும்னு சொல்ல முடியாது. நீங்க சாப்பாடும் தண்ணியும் குறையாம பாத்துக்கங்க, அதான் மருந்து" என்றார்.

காரணம் தெரியாது என்ற பதில் முதலில் என்னை வாட்டியது. பூச்சிமருந்தா, வெக்கையா, நான் ஏதும் கவனிக்காமல் விட்டேனா என்று ராத்திரி எல்லாம் யோசித்தேன். ஆனால் அவர் பொய்யாக ஒரு காரணம் சொல்லி ஐந்து மருந்து எழுதாமல், தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதனால்தான் அவர் சொன்ன மற்றதை எல்லாம் அப்படியே நம்பிச் செய்தேன். உங்கள் நாய்க்கு ஒரு மாதம் ஆகியும் முன்னேற்றம் இல்லை என்றாலோ, வேறு நரம்புக் கோளாறு சேர்ந்தாலோ, திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் காட்டலாம்.

தொங்கும் தாடைக்குச் சோறு ஊட்டுவது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இந்த நோயில் நாய் நோயால் சாவதைவிடத் தண்ணீர் வற்றிச் சாகும் ஆபத்துதான் அதிகம், அதுவும் மே மாத ராமநாதபுரத்தில்.

நாய்க்கு ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். சீலாவுக்கு 800 முதல் 960 மில்லி, வெயிலுக்கும் ஒழுகும் எச்சிலுக்கும் இன்னும் கூட. கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்றால் குடிக்க வைக்காதீர்கள், நீங்கள் குடிக்க வாங்கும் குடத்துத் தண்ணீரையே கொடுங்கள். அகலச் சட்டியில் இந்த நாயால் குடிக்க முடியாது. ஒடுக்கமான, ஆழமான வாளி வேண்டும். பழைய பெயிண்ட் வாளி ஒன்றை நன்றாகத் தேய்த்துக் கழுவி, மரப் பெட்டி மேல் நெஞ்சு உயரத்தில் வைத்துக் கயிற்றால் காலோடு கட்டினோம். சீலா கடைவாய் வரை முகத்தை உள்ளே விட்டு, கீழ்த்தாடையை வாளியின் விளிம்பில் தாங்க வைத்துக்கொண்டு நாக்கால் இழுத்துக் குடிக்கக் கற்றுக்கொண்டது. முதல் நாள் 200 மில்லிதான் குறைந்தது. மூன்றாம் நாள் 700. அளந்து ஊற்றி, மாலையில் மிச்சத்தை அளந்து கழித்தால் கணக்கு கிடைக்கும். தோள் மேல் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும், கூடாரம் மாதிரி நின்றால் மருத்துவரிடம் சொல்லி நரம்பு வழியாகத் திரவம் ஏற்றச் சொல்லுங்கள். பாட்டிலையோ ஊசிக் குழலையோ வைத்து மேலிருந்து வாய்க்குள் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குப் போனால் அது தனி நோயாகிவிடும்.

சாப்பாடு களி பதத்தில் இருக்க வேண்டும். தண்ணியாக இருந்தால் வழிந்துவிடும், கெட்டியாக இருந்தால் மெல்ல வேண்டும். பச்சரிசிச் சோற்றைக் குழைய வேக வைத்து, திருக்கை அல்லது சூரைச் சதையை அவித்துப் பிசைந்து சேர்த்தேன். திருக்கையில் முள் கிடையாது, குருத்தெலும்புதான், அதையும் எடுத்துவிட்டேன். காரல், சூடை வேண்டவே வேண்டாம், எவ்வளவு பார்த்து எடுத்தாலும் ஒரு முள் நின்றுவிடும். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காதீர்கள். பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை. முதல் பத்து நாளும் நீளப் பிடி போட்ட சிரட்டை அகப்பையில்தான் கொடுத்தேன். கையில் ரப்பர் கையுறை, கண்ணுக்கு என் வீட்டுக்காரரின் கண்ணாடி. தலையை மேலே தூக்காமல், தரைக்கு நேராக இருக்கும்போது, நாக்கின் பின்பக்கத்தில் வைத்து எடுத்துவிட வேண்டும். ஒன்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. ஒரு வேளைக்கு அரை மணி நேரம் ஆகும், ஒரு நாளைக்கு நான்கு வேளை. அவசரப்பட்ட அன்று இருமியது, உடனே நிறுத்திவிட்டேன். தின்ற பிறகு மூச்சு இரைத்தாலோ, மூக்கு வழியாகச் சோறு வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

வாய் நாள் முழுக்கத் திறந்திருப்பதால் நாக்கு காய்ந்து வெடிக்கும். கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வருவதால் கொட்டகையின் அந்தப் பக்கம் முழுக்கக் கீற்று கட்டினோம். மோவாயும் கழுத்தும் எச்சிலில் ஊறினால் புண் வரும், ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். பத்து நாள் முடிந்த பிறகு காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போகத் துணியால் ஒற்றி, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவினேன். அதற்கு முன் அந்த இடத்தை நான் தொடவே இல்லை. எச்சில் விழுந்த மணலை மண்வெட்டியால் அள்ளிக் குழியில் போட்டேன்.

தாடைக்குத் தாங்கலாகப் பருத்தித் துணிப் பட்டை கட்டலாம், ஆனால் அதை மருத்துவர் கட்டிக் காட்டிய பிறகுதான் செய்ய வேண்டும். நாக்கு வெளியே வர வேண்டும், இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் போட்டு அப்புறம் அவிழ்த்துவிடுங்கள். நாய்க்கு உடம்பு சூடு தணிவது இளைப்பதில்தான். உச்சி வெயிலில் வாயை இறுக்கிக் கட்டினால் நாய் செத்தே போகலாம்.

பூட்டிக்கொண்ட தாடை

ராமநாதபுரத்தில் என் தங்கச்சி வீட்டில் ஒரு லாப்ரடார், நான்கு வயது. அதற்கு வந்தது இதற்கு நேர் எதிர். கொட்டாவி விடும்போது அலறியது, பந்தைக் கவ்வ வரவில்லை, நெற்றிப் பொட்டு இரண்டும் உப்பியது. பல் வலி என்று இரண்டு வாரம் விட்டுவிட்டார்கள். வீக்கம் வற்றிய பிறகு பொட்டில் குழி விழுந்து, மண்டையோட்டின் வடிவம் தெரிய ஆரம்பித்தது. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மெல்லும் தசைகளை அந்நியன் என்று நினைத்துத் தாக்கும் நோய் அது. அந்தத் தசைகளின் இழை மற்ற தசைகளில் இல்லாத தனி வகை என்பதால் கால், முதுகு எல்லாம் நன்றாக இருக்க, தாடை மட்டும் பூட்டிக்கொள்கிறது.

யாரோ கட்டையைக் குறுக்கே கொடுத்துத் திறந்தால் பழகிவிடும் என்றார்களாம். ஒருபோதும் செய்யாதீர்கள். நெம்பினால் தாடை முறியும், மூட்டு விலகும். சீக்கிரம் கண்டுபிடித்து ஸ்டீராய்டு ஆரம்பித்தால் பெரும்பாலும் திறக்கும். தாமதித்தால் தசை நாராகி இறுகிவிடும், பிறகு மயக்கத்தில்கூடத் திறக்க முடியாது. இந்த நோயில் மட்டும் ஒரு வாரம் பார்க்கலாம் என்பது கூடாது.

மருந்து மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். மூன்றாவது வாரத்திலேயே நாய் பிஸ்கட் தின்கிறது என்று தங்கச்சி மாத்திரையை நிறுத்திவிட்டாள். பத்தே நாளில் பழையபடி பூட்டிக்கொண்டது, ஆரம்பத்தில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஸ்டீராய்டு தின்னும் நாய் குடம் குடமாகக் குடிக்கும், வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகும், எந்நேரமும் பசிக்கும். அடிக்காதீர்கள், அது மருந்தின் வேலை. கூடவே வேறு வலி மாத்திரை எதையும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், குடல் புண்ணாகி இரத்தம் கசியும். வாரம் ஒருமுறை கொட்டாவி விடும்போது போட்டோ எடுத்து வைத்தால் எவ்வளவு திறக்கிறது என்று ஒப்பிடலாம். தங்கச்சி வீட்டு நாய்க்கு மெத்தென்ற துணிப் பந்து ஒன்றை வாங்கிப் போட்டார்கள். அது தானாகக் கவ்வும் அளவுக்குத்தான் பயிற்சி.

சரியாகி வரும்போது

பன்னிரண்டாம் நாள் சீலாவின் தாடை கொஞ்சம் மேலே ஏறின மாதிரி தெரிந்தது. எனக்கே நம்பிக்கை இல்லாமல் போட்டோ எடுத்துப் பழையதோடு வைத்துப் பார்த்தேன். எச்சில் நூல் குட்டையாகியிருந்தது. பத்தொன்பதாம் நாள் நான் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தபோது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மோதுகிற சத்தம். சீலா ஒரு ஈயைக் கவ்வப் பார்த்திருக்கிறது. நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளாக அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் இல்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

அந்த நாளோடு கெட்டி உணவுக்குத் தாவ வேண்டாம். தசை இளைத்திருக்கும், மெல்லும் பலம் வர நாளாகும். குழைந்த சோற்றில் இருந்து பிசையாத சோறு, அப்புறம் பிய்த்துப் போட்ட மீன், அப்புறம் இட்லித் துண்டு என்று மூன்று நான்கு நாளுக்கு ஒரு படி ஏற்றினேன். இருபத்தாறாம் நாள் சட்டியில் தானாகத் தின்றது. எலும்பு இரண்டு மாதம் கொடுக்கவில்லை. பொட்டில் விழுந்திருந்த லேசான குழி ஆடி கடைசியில் நிரம்பியது. கொழுந்தன் 28ஆம் நாள் ஊசியையும் தவறாமல் போட்டுக்கொண்டார், அந்த அட்டையும் சீலாவின் அட்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் என் அலமாரியில் இருக்கின்றன. சீலாவின் அடுத்த ஊசித் தேதியை அந்த உறையின் மேலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.